கல் விட்டுப் போகாத பவளம்

"பாருங்க மாமா. இன்னியோட பதினோரு நாளு. தலையத் தூக்கவே மாட்டேங்குது."

பை இன்னும் என் தோளில்தான் இருந்தது. அக்கா காபி போட உள்ளே போயிருந்தாள். மருமகன் என் கையைப் பிடித்து, முன்கூடத்தில் டிவி இருக்கவேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே டிவி இல்லை. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குமேல் நீல விளக்கு, ஓரத்தில் தண்ணீரைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மேசை விசிறி. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். நடுவில், பாறைத் துண்டின்மேல், மணிக்கட்டுத் தடிமனில் ஒரு தண்டும் அதன் தலையில் கவிழ்த்த சட்டிபோல ஒரு குடையுமாக அந்த ஜீவன் நின்றது. பழைய செருப்பின் நிறம். மேலே மெழுகு பூசியதுபோல ஒரு மினுக்கம்.

"செத்துப்போச்சால?" என்றேன்.

"நீங்களுமா மாமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாய்க்கொடைக்கு ஏசி போடாத குறைதான்" என்றபடி அக்கா டம்ளரை நீட்டினாள். அவள் கேலியாகச் சொன்ன பேர்தான் அதன் உண்மைப் பேர். ஆங்கிலத்தில் டோட்ஸ்டூல் லெதர் கோரல் என்கிறார்கள். நாய்க்குடைத் தோல் பவளம். அந்த ஊரில் தேரை உட்காரும் முக்காலி, நம் ஊரில் நாய் பிடிக்கும் குடை. பார்த்த உருவம் ஒன்றுதான்.

ராயகிரி, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே, மேற்குமலையின் மடியில் இருக்கும் பேரூர். ஆடி மாதம் என்பதால் குற்றாலத்தில் சீசன். அங்கே விழுந்தது போக மிச்சச் சாரல் காற்றோடு இங்கேயும் வந்து திண்ணையை நனைத்துவிட்டுப் போகும். வரப்போரத்தில் நிஜ நாய்க்குடைகள் முளைத்திருந்தன. கடல் இங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊரில் ஒருவன் கடலை வீட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறான் என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? 'உப்புத் தண்ணி வாத்தியார் வீடு' என்றே பேராகிவிட்டது. மருமகன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர்.

அவன் கவலையைப் பாதி தீர்க்க எனக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பவளம் அவ்வப்போது இப்படி மூடிக்கொள்ளும். குடைமேல் பூப்போல விரியும் நூற்றுக்கணக்கான பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்தோலில் மெழுகுப் படலம் ஒன்றைச் சுரந்து, படிந்த பாசியையும் தூசியையும் அதோடு சேர்த்து உரித்துப் போடும். சில நாளில் முடியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டதென்று தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். செத்ததா என்று அறிய மூக்கு போதும். செத்த தோல் பவளம் தொட்டால் கரையும், வீடே நாறும். இது கல்போல் விறைப்பாக நின்றது, நாற்றம் இல்லை.

"அதெல்லாம் தெரியும் மாமா. ஆனா பதினோரு நாளு..."

அவனுடைய இன்னொரு கவலை வேறு மாதிரி. ஒரு பெருநகரக் கடையில், மஞ்சள் வெளிச்சத்தின் கீழே, எலுமிச்சை மஞ்சளாக ஜொலித்ததை ஃபிஜி மஞ்சள் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். தோல் பவளங்களில் அது விலை கூடியது, வளர்க்கவும் சிரமமானது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு வாரம் போனதும் அது இந்தச் செருப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் இது என்ன?

அவன் அதையும் சும்மா விடவில்லை. தண்டின் அடியில் அரிசியளவு ஒரு துணுக்கைப் பிளேடால் நறுக்கி, குளியலறை கழுவும் பிளீச்சிங் திரவத்தில் போட்டிருக்கிறான். சதை நுரைத்துக் கரைந்துபோய், அடியில் வெள்ளைப் பொடி தங்கியது. அலசி நுண்ணோக்கியில் வைத்தால் அத்தனையும் சுண்ணாம்பு முட்கள். இந்த மென்பவளத்துக்கு எலும்பு கிடையாது. சதைக்குள் தூவி வைத்த இந்த முட்கள்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகின்றன. வகைபிரிப்பவர்கள் பார்ப்பதும் நிறத்தையோ குடையின் மடிப்பையோ இல்லை, இந்த முட்களைத்தான். மேல்தோலில் கதாயுதம்போன்ற சிறு முட்களும், தண்டின் உள்ளே நூற்புக் கதிர்போல நீண்ட பெரிய முட்களும் இருந்தால் சார்கோபைட்டான் பேரினம். உள்ளே இருப்பவை பீப்பாய் வடிவில், வரிசை வரிசையாகக் கரணை கட்டியிருந்தால் அதன் பங்காளி லோபோபைட்டம். மருமகன் பார்த்தது கதிர்கள்.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. விரிந்திருக்கும்போது குடையை உற்றுப் பார்க்கவேண்டும். உயரமாக நீண்டு, நுனியில் எட்டுக் கைகளோடு பூத்திருப்பவை ஒரு வகைப் பாலிப்புகள். அவற்றுக்கு நடுவே, கைகளே இல்லாமல் ஊசித் துளைபோலத் தெரிபவை இன்னொரு வகை. உடம்புக்குள் தண்ணீரை ஓட்டுவது இவற்றின் வேலை. இரண்டும் இருந்து, வழவழப்பான தண்டும் தனிக் குடையும் இருந்தால் சார்கோபைட்டான். இரண்டும் இருந்து, குடைக்குப் பதிலாக விரல்களும் முகடுகளும் கிளம்பியிருந்தால் பெரும்பாலும் லோபோபைட்டம். ஒரே வகைப் பாலிப் மட்டும் இருந்தால் சினுலேரியா. கடைகளில் காளான் பவளம் என்று வேறொன்று விற்பார்கள். பாறையில் ஒட்டிய தோசைபோல இருக்கும், தண்டு இராது. அது வேறு குலம்.

ஆனால் பேரினத்தோடு பாதை நின்றுவிடுகிறது. பிரெஞ்சுக் கப்பலில் உலகம் சுற்றிய மருத்துவர் லெசோன் 1834இல் சார்கோபைட்டான் என்று பேர் வைத்தார். கிரேக்கத்தில் சதைச்செடி என்று பொருள். 1982இல் வெர்செவெல்ட் என்ற டச்சுக்காரர் மொத்த இனங்களையும் திரும்ப எடுத்துச் சரிபார்த்தார். 2006இல் மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் அதையும் கலைத்துப் போட்டார்கள். கிளாக்கம் என்ற ஒற்றை இனப் பேருக்குள் பல வம்சாவளிகள் ஒளிந்திருக்கின்றன. சார்கோபைட்டானும் லோபோபைட்டமும் கலந்து நிற்கும் மூன்றாவது கிளை ஒன்றும் இருக்கிறது. நிலைமை இப்படியிருக்க, கடைச் சீட்டில் இருக்கும் இனப் பெயரை நம்பிக் காசு கொடுப்பது ஜாதகத்தைப் பார்த்து மாடு வாங்குவது மாதிரி.

"இது நம்ம கடல்ல இருக்கா மாமா?"

மன்னார் வளைகுடாவில் சார்கோபைட்டான் பதிவாகியிருக்கிறது என்றேன். அவ்வளவுதான், மறுநாள் விடியற்காலை கார் கிளம்பிவிட்டது. அக்காவிடம் ஒரே கட்டளை: விசிறி ஓடுவதால் தண்ணீர் ஆவியாகும், குறைந்த அளவுக்குச் சுத்தத் தண்ணீர் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும் என்று அவன் விளக்கத் தொடங்கினான். "உங்கப்பாவுக்கு ரசம் வச்சவ நானு. வத்துனா என்ன ஊத்தணும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம். கோமதி அம்மன் சந்நிதியின் புற்றுமண்ணை நெற்றியில் பூசியவர்கள் சாலையை நிறைத்து நடந்தார்கள். கழுகுமலையை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. வெட்டுவான் கோயிலைக் கடந்து நிற்காமல் போவது பாவம், போனோம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய். எட்டயபுரத்தைத் தாண்டிக் கரிசல் முடிந்து, காற்றில் உப்பு ஏறத் தொடங்கியபோதுதான் மருமகன் பேச்சை நிறுத்திவிட்டுச் சாலையோரம் பார்க்க ஆரம்பித்தான்.

தூத்துக்குடி உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது. ஓரங்களில் உப்புக் குவியல்கள், சிலவற்றின்மேல் ஓலை மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். எனக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு, அதை வேதியியல் வாத்தியாரிடம் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில். அப்படியிருக்க, தொட்டிக்காரர்கள் வாளி வாளியாக வெளிநாட்டு உப்பை வாங்குவானேன்? அவன் தொட்டி 250 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் முதல் நிரப்பலுக்கே ஒன்பது கிலோ. இங்கே ஒரு மூட்டை வாங்கிப் போட்டால் ஆகாதா?

அவன் பாத்தியைக் காட்டினான். கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வற்றும்போது முதலில் கீழே படிவது சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பு படியும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடும், அதை வடித்து விட்டுவிடுவார்கள். நல்ல உப்பு என்று நாம் சொல்வது, கால்சியத்தை முன்னாலும் மக்னீசியத்தைப் பின்னாலும் கழித்துவிட்டு நடுவில் வாரிய சோடியம் குளோரைடு. நாக்குக்கு அது சரி. பவளத்துக்கு லிட்டருக்கு நானூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும், அதைப்போல மூன்று மடங்கு மக்னீசியம் வேண்டும். "இங்க கழிச்சுவிடுறத எல்லாம் திரும்பச் சேர்த்துத்தான் மாமா அந்த வாளியில அடைச்சு விக்கான்."

கரையோரத்தில் தலையில் துணி சுற்றிய பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. நாங்கள் நின்றது பத்து நிமிடம். அதற்குள் அவன் தொட்டியைப் பற்றிய பேச்சு எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஏறிக்கொண்டோம்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள். தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நாலு கூட்டம். 1986இல் இவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர். தீவுகளில் இரண்டு, விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், இப்போது தண்ணீருக்கு அடியில். அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பார்களை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கரையில் அலையை உடைக்கும் சுவரை நாமே பெயர்த்துவிட்டோம். தூத்துக்குடிக்கு நேர் எதிரே வான் தீவும் அப்படியே கரைந்துகொண்டிருந்தது. இப்போது அதன் முன்னால் கான்கிரீட் வார்ப்புகளை இறக்கி அலையைத் தடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தக் கடலில் பவளங்களை நட்டு வளர்ப்பதை 2000களின் தொடக்கத்திலிருந்து செய்துவருகிறார்கள். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளிறிய பவளங்களைக் கணக்கெடுத்தவர்களும் அவர்கள்தான். 2016 கோடைக்கு முன்பு கடலடியில் நூற்றுக்கு 39 பங்கு உயிர்ப்பவளம் இருந்தது, கோடைக்குப் பிறகு 23 பங்கு.

சூடு என்றதும் விசிறி நினைவுக்கு வந்து மருமகன் அக்காவுக்குப் போன் போட்டான். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைச் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடுவது அவைதான். செருப்பு நிறமும் அவற்றின் நிறம்தான். தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் அந்தக் கூட்டு உடைந்து பவளம் வெளிறும். ராயகிரி சித்திரையில் 38 டிகிரி காயும் ஊர். குளிரூட்டும் எந்திரம் வாங்கக் காசில்லாதவனுக்கு மேசை விசிறிதான் கதி. தண்ணீரின்மேல் காற்றடித்தால் ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை செய்யும் வேலைதான்.

"கரண்டு போச்சு, வந்துருச்சு. விசிறி ஓடுது. உன் நாய்க்கொடை இன்னும் எந்திரிக்கல" என்றாள் அக்கா.

ஏர்வாடி பக்கம் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப்பாரைக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். கரையில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடல் பால் கலந்த டீயாகக் கலங்கிக் கிடந்தது. வலை ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆடியில வந்து அடிக்கடலப் பார்க்கணும்னா எப்படிங்கய்யா? பங்குனிக்கு வாங்க, பாசி நிக்கிறது தெரியும்."

மருமகன் விடவில்லை. போனில் விரிந்த நிலையில் எடுத்த படத்தைக் காட்டினான். பெரியவர் தூரமாக வைத்துப் பார்த்தார். இதுவா, பாரில் இருக்குமே, மேலே கைவைத்தால் தோல்மாதிரி வழுக்கும், வலை இதில் சிக்காது என்றார். கல்லுப்பவளத்தில் சிக்கினால் வலை கிழியும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் தெரியும். வழுக்கிவிடும் ஒன்றுக்குப் பேர் எதற்கு? வேறு யாராவது வைத்திருக்கலாம், அவர் வைக்கவில்லை.

கீழக்கரையைத் தாண்டி மண்டபம் போகும்வரை அதுதான் என் மனதில் ஓடியது. இந்தக் கரைக்குப் பவளத்தோடு இருந்த உறவு கல் உறவு. சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல், வீட்டுக்கு அடித்தளக் கல், பிறகு தொழிற்சாலைகளுக்குக் கல். 1972இல் அச்சான ஒரு கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் இந்தக் கடலிலிருந்து வெட்டப்பட்டது. 2001 ஜூலையில் கல்லுப்பவளங்கள் அனைத்தையும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறிகளோடு சேர்த்து, புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் வைத்தது வனவிலங்குச் சட்டம். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. தோல் பவளம் இந்தக் கதையில் எங்குமே வராது. செத்தால் கரைந்துவிடும், மிஞ்சுவது மருமகன் நுண்ணோக்கியில் பார்த்த அந்தப் பொடி மட்டும். கல் விடாததை யார் வெட்டுவார்கள்? 2001 அட்டவணையிலும் அதன் பேர் இல்லை. உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பட்டியலில் கல்லுப்பவளங்கள் உண்டு, சார்கோபைட்டான் இல்லை. கல் விடுவதில் சினுலேரியா மட்டும் விதிவிலக்கு, அதன் சில இனங்களின் அடித்தண்டில் முட்கள் ஒன்றோடொன்று இறுகிக் கல்லாகவே ஆகிவிடும். அதை விட்டால் மென்பவளம் சுவடின்றிப் போகிற சாதி.

இதனால் வளைகுடாவில் இறங்கித் தோல் பவளத்தைப் பெயர்த்து வரலாம் என்று அர்த்தமில்லை. தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் தொட்டால் சிறைதான். அதற்கு அவசியமும் கிடையாது. தோல் பவளத்தைப்போல வீட்டிலேயே பெருக்கக்கூடியது வேறொன்று இல்லை. கூரான பிளேடால் குடையைத் தண்டிலிருந்து அறுத்து, துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் சிறு கல்லில் ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டிவிட்டால் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். மொட்டைத் தண்டிலிருந்தும் புதுக் குடை கிளம்பும். முருங்கைக் கொம்பு ஒடித்து நடுவது மாதிரி. கடையநல்லூரில் ஒருவர், சுரண்டையில் ஒருவர் மருமகனிடம் துண்டு கேட்டு வைத்திருக்கிறார்கள். அவன் வாங்கியதும் இந்தோனேசியக் கடலில் பெயர்த்ததா, யார் வீட்டுத் தொட்டியிலாவது அறுத்ததா என்று விற்றவருக்கே தெரியாது.

அறுக்கும்போது ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். காயத்திலிருந்து வழியும் சாறு விஷம். 1974இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் செங்கடல் தோல் பவளத்திலிருந்து பிரித்தெடுத்த சார்கோபைன், மீன்களைக் கொல்லக்கூடியது. ஓடவும் கடிக்கவும் முடியாத, மேலே ஓடும் இல்லாத வெறும் சதைக்கட்டியை மீன்கள் தின்னாமல் விட்டுவைத்திருப்பது இந்த ரசாயனத்துக்குப் பயந்துதான். அக்கம்பக்கத்துக் கல்லுப்பவளங்களையும் அது வளரவிடாமல் வாட்டும். மூடிய தொட்டியில் இது சேர்ந்துகொண்டே போகும் என்பதால் வளர்ப்பவர்கள் கரித்தூள் பையைத் தண்ணீர் ஓடும் வழியில் வைக்கிறார்கள். கல்லுப்பவளத்தையும் தோல் பவளத்தையும் ஒரே தொட்டியில் நெருக்கி வைத்துவிட்டு 'ஏன் வாடுது, ஏன் வாடுது' என்று விளக்கை மாற்றிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

மண்டபம் கேம்ப். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய முகாம் இருந்த இடம்; பேரில் ஒட்டியிருக்கும் கேம்ப் அதன் மிச்சம். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை இங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. இப்போது மண்டல நிலையமும் மக்கள் பார்க்கும் கடல் மீன் காட்சியகமும் இருக்கின்றன. 1969 ஜனவரியில் உலகின் பவளப்பாறை விஞ்ஞானிகள் முதன்முதலாகக் கருத்தரங்கு கூட்டியது இந்த ஊரில். பிற்பாடு ஆஸ்திரேலியா, ஹவாய், ஜப்பான் என்று சுற்றிவந்த சர்வதேசப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதல் எண் மண்டபத்துக்கு. நான் சொன்ன 25,000 டன் கணக்கும் அந்தக் கூட்டத்தின் தொகுப்பில் வந்ததுதான். ஊருக்குள் இதைச் சொல்லும் பலகை ஏதும் என் கண்ணில் படவில்லை. டீக்கடையில் கேட்டேன், "காந்தி வந்தாரா சார்?" என்று திருப்பிக் கேட்டார்.

மண்டபத்தில் சாலையைக் குறுக்கே கடந்தால் கடல் மாறிவிடுகிறது. தெற்கே மன்னார் வளைகுடா, இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஆண்கடல், கச்சானில் இரைந்துகொண்டிருந்தது. வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல், தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடந்தது. ஐப்பசிக்கு மேல் வாடை கிளம்பினால் குணம் மாறிக்கொள்ளும். வடகரையை ஒட்டியும் பவளப்பார் ஒன்று ஓடுகிறது, ஆளுயரம்கூட இல்லாத ஆழத்தில். மருமகன் வேட்டியை மடித்துக்கட்டி முழங்கால்வரை இறங்கி நின்று குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். கடற்புல் ஆடியது. சிறு நண்டு ஒன்று அவன் கால்விரலைச் சுற்றிப் போனது. பார் இன்னும் உள்ளே தள்ளி. அவனுக்கு நீச்சல் தெரியாது. மலையடிவாரத்தில் பிறந்து அருவியில் நின்றே குளித்து வளர்ந்தவன்.

"திரும்பிருவமா?" என்றேன். "தனுஷ்கோடி வரைக்கும் போயிருவோம் மாமா. இவ்வளவு தூரம் வந்துட்டு."

1988இல் திறந்த சாலைப் பாலத்தில் பாம்பனைக் கடந்து, ராமேசுவரத்தை ஓரங்கட்டி, இருபக்கமும் கடல் நெருங்கிவரும் சாலையில் போனோம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் கொண்டுபோன ஊர். தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. சுற்றுலாக் கூட்டம் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கவாட்டுச் சுவருக்குப் போனோம். பூச்சு உதிர்ந்த இடங்களில் சுவர் தன் கல்லைக் காட்டியது. முழுக்கப் பவளக்கல்.

மருமகன் சட்டைப்பையிலிருந்து லென்சை எடுத்தான். வாத்தியார்கள் எங்கே போனாலும் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு கல்லில் பட்டாணி அளவு வட்டங்கள் நெருக்கியடித்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பாலிப் குடியிருந்த வீடு. வட்டத்துக்குள் சக்கரத்து ஆரங்கள்போலச் சுண்ணாம்புத் தகடுகள். உப்புக்காற்றில் பாதி தேய்ந்திருந்தாலும் சிலவற்றில் எண்ண முடிந்தது. கல்லுப்பவளங்களுக்கு எல்லாமே ஆறின் மடங்கு, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு. தோல் பவளங்களுக்கு எட்டு. இரண்டு குலமும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் விரல் வைத்து எண்ணினான். பன்னிரண்டு பெரியது, இடையிடையே சின்னது. எந்தத் தீவின் பாரிலிருந்து வெட்டி வந்ததோ, கொத்தனார் கைபட்டுச் சுவராகி, கூரை போய், சனம் போய், இன்னும் அந்த ஆரங்கள் இருக்கின்றன. இதன் பக்கத்தில் ஒரு தோல் பவளமும் வளர்ந்திருக்கக்கூடும். அதைக் கல் வெட்டியவர் கையால் வழித்து எறிந்திருப்பார்.

"படம் எடுக்கல?" என்றேன். "எடுத்தா வெறும் கல்லாத்தான் மாமா தெரியும்" என்றான்.

திரும்பும் வழியில் அக்காவிடமிருந்து இரண்டு அழைப்பு. முதலாவதில், தொட்டிக்குள் ஏதோ பிளாஸ்டிக் தாள் மிதக்கிறது, எடுக்கவா என்று கேட்டாள். "தொடாதீங்கம்மா, தொடாதீங்க!" என்று இவன் அலறியதில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். இரண்டாவது அழைப்பில் அந்தத் தாள் நாய்க்குடையோடு ஒட்டிக்கொண்டு தொங்குவதாகச் செய்தி.

ராயகிரிக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. சாரல் பிசுபிசுத்தது. தொட்டியில் நீல விளக்கு மட்டும் எரிந்தது. குடையின் பாதியிலிருந்து மெழுகுத்தோல் கிழிந்து, பாம்புச் சட்டைபோல் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி இன்னும் மூடித்தான் இருந்தது. மருமகன் கை கழுவிவிட்டு, அலை பம்பைக் கொஞ்சம் திருப்பி நீரோட்டம் குடையின்மேல் படும்படி வைத்தான். பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் தொங்கும் படலத்தை மெல்ல உறிஞ்சி எடுத்து வாளியில் விட்டான். இழுக்கவில்லை, தானாக வந்ததை மட்டும் எடுத்தான். அது வேறு எங்காவது போய்ப் படிந்தால் அங்கே அழுகும்.

உரிந்த ஓரத்தில் பத்திருபது பாலிப்புகள் தலை நீட்டியிருந்தன, எள்ளுப்பூ உயரத்துக்கு. அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் லென்சை அவள் கையில் கொடுத்து, எது கை, எது வாய் என்று காட்டினான்.

"எத்தனைன்னு எண்ணுங்கம்மா."

அவள் உதடு அசைய எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"ஏழுதான் இருக்கு."

"எட்டும்மா. ஒண்ணு மடங்கியிருக்கும்."

"ஏழுதான்ல. நீயே வந்து பாரு."

அவன் லென்சை வாங்கிக் கண்ணாடியோடு ஒட்டிக் குனிந்தான். பத்து மணிக்கு டைமர் விளக்கை அணைத்தது.